எடை குறைக்கும் ஊசி உங்களுக்கு வேலை செய்யுமா? கொங்குப் பகுதியில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எடை குறைக்கும் ஊசியைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் விசாரிப்பது விலையை. அடுத்து வருவது, "அவருக்குப் பதினெட்டு கிலோ குறைஞ்சுதாமே, எனக்கும் குறையுமாங்க?" என்ற கேள்வி. முதலில் கேட்க வேண்டியது இந்தக் கேள்விதான். இதற்கு ஓரளவு நம்பகமான பதிலை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். மீதிப் பதிலை முதல் ஆறு மாதம் சொல்லும். அதற்குள் லட்சக்கணக்கில் செலவழிக்காமல், தவறான நாளில் தவறான முடிவும் எடுக்காமல் போவது எப்படி என்பதுதான் கீழே உள்ளது.

இங்கே பேசுவது தீவிர உடல் பருமன் உள்ளவர்களைப் பற்றி. கல்யாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க நினைப்பவர்களுக்கு இந்த ஊசி பொருந்தாது. இரண்டு மாதத்தில் நிறுத்தினால் போன எடை திரும்பி வரும்.

1. முதலில் சரியாக அளந்துகொள்ளுங்கள்

உயரத்தை ஆதார் விண்ணப்பத்திலோ ஓட்டுநர் உரிமத்திலோ எழுதியதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் பட நின்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு சென்டிமீட்டர் பிசகினாலும் கணக்கு மாறிவிடும்.

எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. 165 செ.மீ. உயரம், 108 கிலோ எடை என்றால் 108 வகுத்தல் 1.65 வகுத்தல் 1.65, அதாவது 39.7. உலக அளவுகோலில் 30க்கு மேல் உடல் பருமன், 35க்கு மேல் தீவிரம், 40க்கு மேல் மிகத் தீவிரம். நம் உடலமைப்புக்கு இந்த எல்லை தாழ்வானது. இந்தியர்களுக்கு 25லேயே உடல் பருமன் என்று கொள்கிறார்கள், ஏனென்றால் நமக்கு வயிற்றில் கொழுப்பு சேர்வது அதிகம். ஆகவே இடுப்பையும் அளந்து எழுதுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

சில வீட்டுத் தராசுகள் 120 கிலோவோடு நின்றுவிடும். அதற்கு மேல் எடை உள்ளவர்கள் மருத்துவமனைத் தராசையோ, மண்டியில் மூட்டை நிறுக்கும் மின்னணுத் தராசையோ பயன்படுத்தலாம். எந்தத் தராசானாலும் கடைசிவரை அதே தராசு, அதே நேரம். காலையில் கழிவறை போய்வந்த பின், எதுவும் சாப்பிடும் முன் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. பின்னால் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ வித்தியாசத்தை வைத்து மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

2. எடை ஏறியதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு கையால் எடை ஏற்றும் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு மறு கையால் எடை குறைக்கும் ஊசியைப் போட்டால், ஊசி பாதிப் பலன்தான் தரும். பழியோ முழுக்க ஊசி மேல் விழும்.

எடையை ஏற்றக்கூடிய, நம் பக்கத்தில் அன்றாடம் எழுதப்படும் மருந்துகள் இவை:

- சர்க்கரைக்கு: இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, பயோகிளிட்டசோன். கிளிமிபிரைடு தனியாக வருவதைவிட மெட்ஃபார்மினோடு ஒரே மாத்திரையாக வருவதுதான் வழக்கம். அட்டையின் பின்பக்கத்தில் உள்ள சிறு எழுத்தைப் படிக்காமல் தெரியாது.
- மனநல மருந்துகள்: ஒலான்சபின், குளோசபின், குயெட்டியபின், மிர்டசபின், அமிட்ரிப்டிலின்.
- வலிப்புக்கு: வால்ப்ரோயேட்.
- ஸ்டீராய்டு: பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன். மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் பெயர் ஒட்டாத பொட்டலமாக வாங்கும் பொடி, மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. மாதக்கணக்கில் அப்படி எதையாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. வலிப்பு மாத்திரையை விட்டால் வலிப்பு வரும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போய், "இதுக்குப் பதிலா எடை ஏத்தாத மருந்து எனக்கு ஒத்துவருமாங்க?" என்று கேளுங்கள். பலருக்கு மாற்று மருந்து இருக்கிறது.

தைராய்டு குறைவு என்றால் சிகிச்சை செய்யுங்கள். ஆனால் அதன் மேல் பெரிய நம்பிக்கை வேண்டாம். தைராய்டு குறைவினால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், நாற்பது கிலோ அதனால் வருவதில்லை. முகம் உருண்டு, வயிற்றில் அகலமான சிவந்த ஊதா வரிகள் விழுந்து, கை கால் மெலிந்து, படியேறத் தொடையில் பலம் இல்லாமல் போனால் கார்ட்டிசால் (உடலே சுரக்கும் ஸ்டீராய்டு) பரிசோதனையைக் கேட்க வேண்டும். குறட்டையும் பகல் தூக்கமும் தனிக் கதை, அதை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

குழந்தையிலேயே, அதாவது ஐந்து வயதுக்கு முன்பே, அடங்காத பசியோடு எடை ஏறத் தொடங்கியவர்கள் ஒரு தனி வகை. பசியை அடக்கும் மூளைப் பாதையில் மரபணுக் கோளாறு இருக்கக்கூடும். லெப்டின் ஏற்பி, பிஓஎம்சி, எம்சி4ஆர் போன்ற மரபணுக்கள் இதில் முக்கியமானவை. பெற்றோர் நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்கள் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பிஓஎம்சி, பிசிஎஸ்கே1, லெப்டின் ஏற்பி குறைபாடுகளுக்கு செட்மெலனோடைடு என்ற தனி மருந்தை அமெரிக்கா 2020இல் அனுமதித்தது. எல்லோருக்கும் இந்தச் சோதனை வேண்டியதில்லை. சிறு வயது, அடங்காப் பசி, சொந்தத்தில் மணம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் மரபணு ஆலோசனை தரும் மருத்துவமனையில் கேளுங்கள்.

3. யாருக்கு எவ்வளவு குறைகிறது: கணிப்பின் அடிப்படை

இப்போது பேசப்படும் மருந்துகள் இரண்டு. செமாகுளுடைடு, டிர்செபடைடு. இரண்டும் வாரம் ஒரு முறை தோலுக்கடியில் போடும் ஊசி.

செமாகுளுடைடு 2.4 மி.கி. அளவில், சர்க்கரை நோய் இல்லாத 1961 பேரை வைத்து நடந்த ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 14.9% எடை குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4%. டிர்செபடைடு 15 மி.கி. ஆய்வில் 72 வாரத்தில் 20.9%, 5 மி.கி. போட்டவர்களுக்கு 15%.

சராசரி என்ற சொல்லில் ஏமாறக் கூடாது. அதே செமாகுளுடைடு ஆய்வில் பாதிப் பேருக்கு 15%க்கு மேல் குறைந்தது. ஆனால் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு 5%கூடக் குறையவில்லை. டிர்செபடைடு 15 மி.கி. போட்டவர்களிலும் சுமார் 9 சதவீதத்தினர் 5%ஐ எட்டவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் விழுவீர்கள் என்பதைக் கீழ்க்கண்டவை ஓரளவு காட்டும்.

*சர்க்கரை நோய் இருக்கிறதா?* இதுதான் கணிப்பில் மிகப் பெரிய விஷயம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எடை குறைவு தெளிவாகக் குறைச்சல். செமாகுளுடைடு 2.4க்கு 9.6%, டிர்செபடைடு 15க்கு 14.7%. அதாவது சர்க்கரை இல்லாத நண்பருக்கு இருபது கிலோ குறைந்திருந்தால் அதே எடையில் தொடங்கும் உங்களுக்குப் பதின்மூன்று பதினான்கு கிலோ என்று எதிர்பாருங்கள். மருந்து பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம், சர்க்கரை இறங்குவது உங்களுக்குக் கூடுதல் லாபம். கொங்கு நாட்டில் நாற்பது வயதைத் தாண்டிய பலர் வீட்டில் சர்க்கரை மாத்திரை டப்பா இருக்கும் நிலையில், பக்கத்து வீட்டுக் கணக்கை உங்கள் கணக்காக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

*பெண்ணா ஆணா?* ஆய்வுகளில் பெண்களுக்குச் சதவீதக் கணக்கில் கூடுதலாகக் குறைகிறது. கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் தொடங்கினால் இந்த வித்தியாசம் தெரியும், வருத்தப்படத் தேவையில்லை.

*எந்தப் பசி உங்களுடையது?* அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு உடல் பருமனை நான்கு வகையாகப் பிரித்தது. சாப்பிட உட்கார்ந்தால் வயிறு நிறைந்த உணர்வு வரவே நேரமாகி அதிகம் சாப்பிடுகிறவர்கள் ஒரு வகை. நன்றாகச் சாப்பிட்டும் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிப்பவர்கள் இரண்டாம் வகை. கவலை, கோபம், களைப்பு வந்தால் பசியில்லாமலே சாப்பிடுகிறவர்கள் மூன்றாம் வகை. குறைவாகச் சாப்பிட்டும் உடல் குறைவாகவே எரிப்பவர்கள் நான்காம் வகை. வகை பார்த்து மருந்து தந்தவர்களுக்கு ஓராண்டில் 15.9%, பாராமல் தந்தவர்களுக்கு 9% குறைந்ததாக 2021இல் வெளியிட்டார்கள். ஒரே மையத்தில், குலுக்கல் முறையில் பிரிக்காமல் நடந்த ஆய்வு என்பதால் இதையே வேதவாக்காகக் கொள்ள முடியாது. ஆனால் உங்களைப் பார்த்துக்கொள்ள நல்ல கண்ணாடி.

ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எப்போது மறுபடி பசித்தது, எதற்காகச் சாப்பிட்டீர்கள். இரண்டாம் வகைக்காரர்கள், அதாவது அரிசிம்பருப்புச் சாதம் தட்டு நிறையச் சாப்பிட்டு மூன்று மணிக்குள் பேக்கரி தேங்காய் பன்னைத் தேடுகிறவர்கள், இந்த ஊசிக்கு நல்ல பொருத்தம். வயிறு காலியாவதை மெதுவாக்குவதும், மூளையில் பசியைத் தணிப்பதும்தான் இதன் வேலை. மன அழுத்தத்தில் சாப்பிடுகிறவர்களுக்கு ஊசியோடு மனநல ஆலோசனையும் வேண்டும், இல்லையென்றால் ஊசி குறைத்ததை இரவு தீனி திரும்பக் கொண்டுவரும்.

*இரவு ஷிப்ட்டா?* சோமனூர், பல்லடம் விசைத்தறியிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் இரவில் வேலை செய்பவர்களுக்கு, இரவு பன்னிரண்டு மணி டீயும் போண்டாவும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம். தூக்கக் குறைவு பசியை ஏற்றும். ஊசி வேலை செய்யும்தான், ஆனால் இரவுச் சாப்பாட்டை ஒழுங்குபடுத்திய பிறகே உங்கள் கணிப்பைப் போடுங்கள்.

*மனவுறுதி?* இது பலருக்கு வலிக்கும் கேள்வி. ஊசிக்குப் பலன் வராதவர்கள் சோம்பேறிகள் என்பது பொய். ஆய்வில் ஒரே மாதிரி ஆலோசனை பெற்றவர்களிடையேதான் இவ்வளவு வித்தியாசம் வந்தது. உங்களைத் திட்டும் உறவினரிடம் இதைச் சொல்லலாம்.

கிலோவைத் தாண்டியும் பலன் உண்டு. இதய நோய் ஏற்கெனவே உள்ள, சர்க்கரை இல்லாத 17,604 பேரில் செமாகுளுடைடு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றைச் சேர்த்து 20% குறைத்தது. தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய்க்கு டிர்செபடைடை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. ஆகவே உங்களுக்கு எது முக்கியம் என்று முதலிலேயே எழுதிவையுங்கள்: முழங்கால் வலியா, இன்சுலின் அளவா, குறட்டையா, குழந்தைப்பேறா. எடை 8% மட்டும் குறைந்து இன்சுலின் பாதியானால் அது வெற்றிதான்.

4. போடக் கூடாதவர்கள்

மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் உங்களுக்கோ உடன்பிறந்தவர், பெற்றோருக்கோ இருந்திருந்தால், அல்லது எம்இஎன்2 என்ற பரம்பரைக் கோளாறு இருந்தால் வேண்டாம். சாதாரண தைராய்டு குறைவு இதில் சேராது, பலர் இதையும் அதையும் குழப்புகிறார்கள். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். கணைய அழற்சி வந்தவர்கள், வயிறு காலியாகாத கோளாறு உள்ளவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் டாக்டர் சொன்னாலொழியத் தொட வேண்டாம்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) உள்ளவர்களுக்கு எடை குறைந்ததும் கருமுட்டை சீராக வெளிவந்து எதிர்பாராமல் கர்ப்பம் தரிக்கலாம். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும். தொடங்கிய பின் நான்கு வாரமும், ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பின் நான்கு வாரமும் வேறு தடுப்பு முறை தேவை.

சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு எச்சரிக்கை. இன்சுலின், கிளிமிபிரைடு அளவைக் குறைக்காமல் ஊசி தொடங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடலாம். வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் போன்ற கிளிப்டின் மாத்திரையை இந்த ஊசியோடு சேர்த்து எடுப்பதில் கூடுதல் பலன் இல்லை, காசு வீண். அதை நிறுத்தச் சொல்வது டாக்டரின் வேலை, நினைவூட்டுவது உங்கள் வேலை.

5. ஃபைலும் பரிசோதனையும்

முதல் சந்திப்பிலேயே ஃபைல் முழுதாக இருந்தால் இரண்டு நடை மிச்சம். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையும் உண்மையாகவே கையில் எடுத்துப் போங்கள், பெயர் சொன்னால் போதாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வாங்கும் பிரஷர், சர்க்கரை மாத்திரையும் அந்தப் பதிவு அட்டையும் சேர்த்துத்தான். கடந்த இரண்டு ஆண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்கள், அறுவை சிகிச்சை ஏதாவது நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, இருபது வயதில், கல்யாணத்தில், ஒவ்வொரு பிரசவத்துக்குப் பின் என்ன எடை என்ற ஒரு பக்கக் குறிப்பு. குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய், மாரடைப்பு, பித்தப்பைக் கல் யாருக்கு என்பதையும் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

செய்ய வேண்டிய பரிசோதனைகள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்பு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல் சோதனை, டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), வைட்டமின் பி12, இசிஜி, வயிற்று ஸ்கேன். ஸ்கேனில் பித்தப்பைக் கல், கொழுப்பு ஈரல் தெரியும். வேகமாக எடை குறையும்போது பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது, முன்னமே இருக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் கண் விழித்திரையைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். சர்க்கரை சட்டென்று இறங்கினால் ஏற்கெனவே கெட்டுப்போன விழித்திரை மோசமாகலாம். ஹெச்பிஏ1சி 10க்கு மேல் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று எழுவது, பகலில் கண் சொருகுவது, பிரஷர், பிஎம்ஐ 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண் என்ற எட்டில் ஐந்து இருந்தால் தூங்கும்போது மூச்சை அளக்கும் ஸ்லீப் ஸ்டடி கேளுங்கள். வீட்டில் யாரையாவது தூங்கும்போது ஐந்து நிமிடம் வீடியோ எடுக்கச் சொன்னால் டாக்டருக்கு அது உதவும்.

வெறும் வயிற்றுச் சோதனைக்கு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காபியும் வேண்டாம், தண்ணீர் மட்டும். எல்லாவற்றையும் ஒரே காலையில் முடித்துவிடலாம், ஸ்லீப் ஸ்டடிக்கு மட்டும் ஓர் இரவு. "எடைக்கு மரபணுச் சோதனை" என்று விற்கும் பெரிய பேக்கேஜ் இரண்டாம் படியில் சொன்ன காரணம் இல்லாதவர்களுக்குத் தேவையில்லை. அந்தக் காசு இரண்டு மாத ஊசிக்கு ஆகும்.

தனியாரில் செய்ய முடியாதவர்கள் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை ஆகியவற்றின் புறநோயாளிப் பிரிவில் இந்த அடிப்படைச் சோதனைகளைத் தொடங்கலாம். இஎஸ்ஐ உள்ளவர்கள் தங்கள் மருந்தகத்தில் சீட்டு வாங்கி சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போகலாம்.

6. ஓராண்டுப் பணத்தைக் கையில் வைத்துத் தொடங்குங்கள்

டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது குப்பி விலை: 2.5 மி.கி. ரூ.3,500, 5 மி.கி. ரூ.4,375. வாரம் ஒரு குப்பி. நான்கு வாரம் 2.5, பிறகு ஆண்டு முழுக்க 5 என்று வைத்தால், அந்த விலையில் 14,000 கூட்டல் 48 வாரத்துக்கு 2,10,000. மொத்தம் 2,24,000 ரூபாய். பரிசோதனை, டாக்டர் கட்டணம் தனி. செமாகுளுடைடின் எடை குறைப்பு வடிவம் 2025 ஜூனில் வந்தபோது மாதம் ரூ.17,345இல் தொடங்கி, முழு அளவில் ரூ.26,015. அந்த விலை பின்னர் குறைக்கப்பட்டது. செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான், அதன்பின் இந்திய நிறுவனங்களும் தயாரிக்க வழி திறக்கிறது. ஆகவே எந்தப் பழைய விலையையும் நம்பாமல் நான்கைந்து மருந்துக் கடைகளில் அன்றைய விலையைக் கேட்டு, ஓராண்டுக்குக் கணக்கிடுங்கள்.

ஏன் ஓராண்டு? ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது. 68 வாரம் செமாகுளுடைடு போட்டு நிறுத்தியவர்கள், அடுத்த ஓராண்டில் குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் காசு இருந்தால் இப்போது தொடங்காதீர்கள். சேர்த்துவைத்துத் தொடங்குவது நல்லது. சாப்பாட்டை ஒழுங்குபடுத்த அந்த இடைவெளியும் உதவும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளிநோயாளியாக வாங்கும் எடை மருந்தைப் பாலிசிகள் பொதுவாகத் தருவதில்லை. உடல் பருமன் அறுவை சிகிச்சை மட்டும், பிஎம்ஐ 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து கூடவே கட்டுக்கடங்காத சர்க்கரை, தீவிர மூச்சு நிற்கும் நோய், இதய நோய் போன்றவை இருந்தால், வயது 18ஐத் தாண்டியிருந்தால், டாக்டர் எழுதிக்கொடுத்தால் என்ற நிபந்தனையோடு வரும். சர்க்கரை, பிரஷர் என்று எழுதப்படும் ஒவ்வொரு சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டி வந்தால் இந்தத் தாள்கள்தான் பேசும்.

7. முதல் ஆறு மாதம்: உண்மையான கணிப்பு இங்கேதான்

முதல் மாத அளவு (செமாகுளுடைடு 0.25 மி.கி., டிர்செபடைடு 2.5 மி.கி.) உடலைப் பழக்குவதற்கு மட்டும். அந்த மாதம் எடை குறையவில்லை என்று நிறுத்துகிறவர்கள் அவசரப்படுகிறார்கள்.

செமாகுளுடைடு: முதல் நான்கு வாரம் 0.25, அடுத்த நான்கு 0.5, பிறகு 1, பிறகு 1.7, பதினேழாம் வாரத்திலிருந்து 2.4. டிர்செபடைடு: நான்கு வாரம் 2.5, பிறகு 5, அதன்பின் குறைந்தது நான்கு வார இடைவெளியில் 2.5 வீதம் கூட்டி 15 வரை. 15ஐத் தொடவே இருபத்தோராம் வாரம் ஆகும். பலருக்கு 5 அல்லது 10லேயே போதுமான பலன் கிடைக்கும், அதற்கு மேல் ஏற்ற வேண்டியதில்லை.

ஆகவே பன்னிரண்டாம் வாரத்தில் "குறையவில்லை" என்று தீர்ப்புச் சொல்வது தவறு. டிர்செபடைடு ஆய்வில் 12 வாரத்தில் 5%ஐ எட்டாதவர்களில் பெரும்பாலோர் பின்னால் எட்டிவிட்டார்கள். பழைய தினசரி ஊசியான லிராகுளுடைடுக்கு மட்டும்தான் 16 வாரத்தில் 4% இல்லையென்றால் நிறுத்து என்ற விதி உண்டு. அந்த விதியை இவற்றுக்குப் பொருத்தாதீர்கள். பிரிட்டன் வழிகாட்டுதல் டிர்செபடைடுக்குச் சொல்வது, தாங்கக்கூடிய அதிகபட்ச அளவில் ஆறு மாதம் கழித்தும் 5% குறையாவிட்டால் தொடர்வதா என்று யோசிக்கலாம் என்பது. நம் வசதிக்கு இதுதான் நல்ல அளவுகோல். 108 கிலோவில் தொடங்கியவர்களுக்கு அது 5.4 கிலோ.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை தேதி, எடை, இடுப்பு, ஊசி அளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, வாந்தி, மலச்சிக்கல் இருந்ததா என்று ஒரே வரியில் எழுதிவையுங்கள். ஆறு வரிதான். டாக்டர் அதைப் பார்த்து ஒரு நிமிடத்தில் முடிவெடுப்பார்.

அளவு கூட்டும் வாரங்களில் குமட்டலும் வாந்தியும் பொதுவானவை. எண்ணெய்ப் பலகாரம், பெரிய விருந்துச் சாப்பாடு, பள்ளிபாளையம் சிக்கன் போன்ற எண்ணெயும் மிளகாயும் மிகுந்தவற்றை அந்த வாரத்தில் ஒதுக்குங்கள். வாந்தி நிற்கவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் அதே அளவில் இன்னும் நான்கு வாரம் இருக்கலாம், தவறே இல்லை. மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி, காய்ச்சலோடு வலது விலாவுக்குக் கீழ் வலி, கண் மஞ்சள், ஒரு நாளுக்கு மேல் தண்ணீர்கூடத் தங்காமை: இவற்றில் எது வந்தாலும் ஊசியை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு வாரம் விட்டுப்போனால்: டிர்செபடைடை நான்கு நாளுக்குள் நினைவு வந்தால் போடலாம், தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். செமாகுளுடைடுக்கு அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் போடலாம். இரண்டு, மூன்று வாரம் விட்டால் பழைய அளவிலேயே தொடங்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

8. வாங்குவதும் வைப்பதும்

மருந்துச் சீட்டு இல்லாமல் யாராவது தருகிறேன் என்றால் அங்கே வாங்காதீர்கள். போலி செமாகுளுடைடு பல நாடுகளில் பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. பில் வாங்குங்கள், பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கடைக்காரர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறாரா, அலமாரியிலிருந்தா என்பதைக் கண்ணால் பாருங்கள்.

வைக்க வேண்டிய குளிர் 2 முதல் 8 டிகிரி. ஃபிரீசரில் வைத்து உறைந்தால் அந்தக் குப்பி குப்பைக்கு. ஃபிரிட்ஜின் கதவில் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். டிர்செபடைடை 30 டிகிரிக்கு உட்பட்ட வெப்பத்தில் 21 நாள்வரை வெளியே வைக்கலாம், ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் ஈரோடு, கரூர், சேலத்தில் வீட்டுக்குள்ளேயே 30ஐத் தாண்டும். அதனால் கோடையில் அந்தச் சலுகையை நம்பாதீர்கள். கோவையில் வாங்கி பஸ்ஸில் கொண்டுபோகும்போது ஜெல் பை போட்ட டப்பாவில், ஐஸ் நேரடியாகப் படாமல் துணியில் சுற்றி வையுங்கள்.

குப்பியாக வரும் டிர்செபடைடு ஒரு முறைக்கானது, அளவு அரை மி.லி. U-100 என்று குறித்த இன்சுலின் சிரிஞ்சில் எடுத்தால் 50 யூனிட் கோடுவரை வரும். 5 மி.கி. குப்பியை இரண்டாகப் பிரித்து இரண்டு வாரம் போடுவதைச் சிலர் சிக்கனம் என்கிறார்கள். திறந்த குப்பியில் கிருமி சேர்ந்து சீழ்க்கட்டி வரக்கூடும், அளவும் தப்பும். வயிற்றிலும் தொடையிலும் இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

9. சாப்பாட்டில் ஒரே ஒரு கணக்கு

குறையும் எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரை தசை உள்ளிட்ட மெலிந்த திசுவாக இருக்கலாம். பசி குறையும்போது பலர் பழமும் காபியுமாக ஓட்டிவிடுகிறார்கள். தினம் 80 கிராம் புரதத்தை இலக்காக வைத்துத் தட்டைத் திட்டமிடுங்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டு. ஒரு முட்டை 6 கிராம், பச்சைக் கொள்ளு 50 கிராம் சுமார் 11 கிராம், வெந்த கோழிக்கறி 100 கிராம் சுமார் 25 கிராம். தட்டில் முதலில் கொள்ளுப்பருப்பையோ கறியையோ முட்டையையோ சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள், வயிறு சீக்கிரம் நிறைவதால் வரிசை முக்கியம். வாரத்தில் இரண்டு நாளாவது உட்கார்ந்து எழுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது போன்ற தசைக்கு வேலை தரும் பயிற்சி. நீர் நிறையக் குடியுங்கள். வாந்தியோடு வெயிலில் நீர் வற்றினால் சிறுநீரகம்தான் முதலில் அடிபடும்.

10. ஊசி போதாது என்று முன்பே தெரிந்தால்

பிஎம்ஐ 52 உள்ளவருக்கு 20% குறைந்தாலும் பிஎம்ஐ 41.6தான் வரும். நல்ல பலன் கிடைத்தும் இன்னும் தீவிரப் பருமனில்தான் இருப்பார். பிஎம்ஐ 50ஐத் தாண்டியவர்கள் ஊசியை எண்ணிய நாளிலேயே உடல் பருமன் அறுவை சிகிச்சை டாக்டரையும் பார்த்துவிடுங்கள். இரைப்பைக் குறைப்பு, இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குப் பொதுவாகக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை எடை குறைகிறது. ஊசியைச் சில மாதம் போட்டு எடையைக் கொஞ்சம் இறக்கி அறுவை சிகிச்சைக்குப் போவதும் நடைமுறையில் உள்ள வழி. அப்படிப் போகும்போது மயக்க மருந்து டாக்டரிடம் கடைசி ஊசி எந்த நாளில் போட்டீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள். வயிறு காலியாக நேரமாவதால் மயக்கத்தின்போது வாந்தி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. பல் பிடுங்கவோ எண்டோஸ்கோப்பிக்கோ மயக்கம் கொடுத்தாலும் இதே எச்சரிக்கைதான். கடைசி ஊசி தேதியை ஃபைலின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி, வாரா வாரம் மாற்றிக்கொண்டே வாருங்கள்.